சி2 – ஹீலியம் மோதல்: 0→1 தாவல் வருது, 10 கெல்வினில் விகிதம் உதைக்குது

கேள்வி (காலாப்பட்டு, புதுச்சேரி)
வணக்கம். விண்மீனிடை மேகங்களுக்காக சி2 (இரண்டு கார்பன் அணு மூலக்கூறு) – ஹீலியம் மோதலின் சுழற்சித் தாவல்களை மோல்ஸ்கேட் என்ற மோதல் கணக்கு நிரலில் குளோஸ் கப்ளிங்காக (முழுக் குவாண்டம் முறை) ஓட்டுகிறேன். சுழற்சி மாறிலி 1.81 செ.மீ⁻¹, ரெட்யூஸ்டு மாஸ் 3.43 அணு நிறை அலகு. 0→1-க்கு (சுழற்சி எண் ஜே 0-லிருந்து 1-க்கு) சின்னதாக ஒரு குறுக்குவெட்டு (தாவல் நடக்கும் வாய்ப்பின் அளவு) வருகிறது. 10 கெல்வினில் 0→2 வீதம் 2→0-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். எதைப் பார்ப்பது?

பதில் (கடலூர் முதுநகர்)
கார்பன்-12 கருவுக்குத் தற்சுழற்சி சுழி. அதனால தரைநிலை சி2-ல ஒற்றைப்படை ஜே கிடையவே கிடையாது. ஜேஸ்டெப்பை (ஜே எத்தனை எத்தனையா ஏறணும்னு சொல்ற உள்ளீடு) 2 ஆக்கினா அந்த 0→1 எண் மறையும், ஆனா ஆற்றல் பரப்புல (ஹீலியம் நிக்கிற இடத்துக்கேத்த ஆற்றல்) இருக்கிற கோணல் அப்படியே நிக்கும். ஆர் (மூலக்கூறு – ஹீலியம் தூரம்) 6 போர்ல (அணு அளவு நீள அலகு) வச்சு, மூலக்கூறு அச்சுக்கு 30, 150 டிகிரில ஆற்றலை அச்சிடுங்க. ரெண்டும் வேறன்னா, ஆரை மூலக்கூறு நடுவிலிருந்து எடுக்காம ஒரு கார்பன்லேர்ந்து எடுத்திருக்கும். 0.62 ஆங்ஸ்ட்ராம் தள்ளிப்போச்சு. திருத்திட்டு இரட்டைப்படை லெஜாந்தர் உறுப்புகளை (பரப்பைக் கோணவாரியாப் பிரிச்சு எழுதுற உறுப்புகள்) மட்டும் வைங்க.

அடுத்தது: ஜே=2 இருக்கிறது 6×1.81 = 10.86 செ.மீ⁻¹, அதாவது 15.6 கெல்வின். 10 கெல்வின்ல 0→2, 2→0 வீதங்களோட விகிதம் 5×இ^(-1.56), சுமார் 1.05 வரணும். மோல்ஸ்கேட்டுக்குக் குடுக்கிறது மொத்த ஆற்றல், வீதம் எடுக்கிற மேக்ஸ்வெல் சராசரி (வெப்பநிலைக்கேத்த வேகப் பரவல்) கேக்கிறது மோதல் ஆற்றல். 2→0-க்கு 10.86-ஐக் கழிக்கலேன்னா அது ஏறக்குறைய பாதியா சுருங்கிடும். உங்க ரெண்டு மடங்கு அங்கதான்.

கேள்வி கேட்டவர்
1.05 வந்துவிட்டது சார், 30, 150 டிகிரி ஆற்றல்களும் இப்போது ஒன்றே. ஆனால் 5 கெல்வினில் வீதம் ஆற்றல் படியை மாற்றினால் ஆடுகிறது. இப்போது படி 1 செ.மீ⁻¹.

பதில் (கடலூர் முதுநகர்)
அது ஒத்ததிர்வு (சில ஆற்றல்கள்ல குறுக்குவெட்டு சட்டுனு ஏறி இறங்குறது). வாசலுக்கு (தாவல் தொடங்குற ஆற்றல்) மேலே முதல் 30 செ.மீ⁻¹ வரை 0.1 படி, அப்புறம் 1, 200-க்கு மேலே 10 போதும். 100 கெல்வின் வரைக்கும் வேணும்னா 800 வரை போங்க. திறக்காத சானல் (அந்த ஆற்றலுக்கு எட்டாத ஜே நிலை) ரெண்டு மூணு கட்டாயம் வேணும்: 100 செ.மீ⁻¹-ல ஜே=6 வரைக்கும்தான் திறந்திருக்கும், ஆனா ஜேமேக்ஸ் (கணக்குல சேர்க்கிற உச்ச ஜே) 10 அல்லது 12 வைங்க. ஆற்றல் புள்ளிகளை 50, 50-ஆ வெட்டி ஓட்டுங்க, நம்ம ஊர் கரண்டை நம்பி ஒரே ரன் போடாதீங்க.

பதில் (லாஸ்பேட்டை)
ஒரு எச்சரிக்கை. 716 செ.மீ⁻¹ உயரத்திலேயே மும்மை நிலை (இரண்டு எலெக்ட்ரான் தற்சுழற்சிகள் இணையாக இருக்கும் நிலை) உட்கார்ந்திருக்கிற மூலக்கூறு இது. சிசிஎஸ்டி(டி) (ஒற்றை எலெக்ட்ரான் அமைப்பிலிருந்து தொடங்கும் கணக்கு முறை) பரப்பைச் சில புள்ளிகளில் எம்ஆர்சிஐ-யோடு (பல அமைப்புகளைச் சேர்க்கும் முறை) ஒப்பிடுங்கள். ஆர் 50 போரில் வரும் ஆற்றலை எல்லாப் புள்ளியிலிருந்தும் கழிக்க மறக்க வேண்டாம். பாரா-ஹைட்ரஜனுக்கு (பாரா, ஆர்த்தோ: கருத் தற்சுழற்சியால் வேறுபடும் இரு ஹைட்ரஜன் வகைகள்) ஹீலியம் வீதத்தை 1.36-ஆல் பெருக்குவது ஒப்பேற்றும் வழிதான். ஆர்த்தோவுக்கு அதுவும் ஆகாது.