பழைய டெஸ்க்டாப்பை மாற்றுகிறேன்: 300 ஜிபி ஃபைல்களை எப்படிப் பத்திரமாக எடுப்பது?

வெண்ணாறு:
நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. சில போட்டோக்களைத் திறந்தாலே தொங்கிவிடுகிறது. போட்டோ, வீடியோ, பாமினியில் அடித்த வேர்டு ஃபைல்கள் எல்லாம் சேர்த்து 300 ஜிபி. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி மாற்றினால் போதுமா, புதிதே வாங்கட்டுமா?

கடைசி பெஞ்ச்:
புதிதே வாங்குங்கள். விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெலும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கும். வீட்டு வேலைக்கு 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி தாராளம்.

கடைக்குப் போகும் முன் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டு, படிக்கத் திணறும் இடங்களின் எண்ணிக்கையைச் சொல்லும் சி5 வரியைப் பாருங்கள். டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க், ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் டீஃப்ராக் இரண்டையும் ஓட்டாதீர்கள். நோஞ்சான் டிஸ்க்குக்கு அந்த அலைச்சல் ஆகாது.

வெண்ணாறு:
சி5-இல் பூஜ்ஜியங்களுக்குப் பின் 30 என்று இருக்கிறது.

கடைசி பெஞ்ச்:
அது ஹெக்ஸ் கணக்கு, பதினாறின் அடிப்படையில் எண்ணுவது. அதாவது, படிக்கத் திணறும் செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) 48. தொங்குவது அதனால்தான் இருக்கும். இன்றைக்கே காப்பி எடுங்கள்.

எலிப்பொறி:
மவுஸால் இழுத்துப் போட்டால் கெட்ட ஃபைலில் வந்து நின்றுவிடும். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற காப்பிக் கட்டளை நல்லது. ஆனால் நாம் மாற்றாவிட்டால் படிக்க முடியாத ஒவ்வொரு ஃபைலையும் 30 விநாடிக்கு ஒருமுறை என்று 10 லட்சம் முறை முயலும்! மறுமுயற்சி 1, காத்திருப்பு 1 விநாடி என்று கொடுத்து, எது ஏறியது, எது விடுபட்டது என்று காட்டும் லாக் ஃபைலும் எழுதச் சொல்லுங்கள். முதலில் வேர்டு ஃபைல்கள், அடுத்து போட்டோ, வீடியோ கடைசியில். விடுபட்டவற்றுக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள்.

வாங்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் ஃபார்மேட் என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கல்யாண வீடியோ ஏறாது. பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதுக் கணினியில் யூஎஸ்பி வழியாக மாட்டுவதானால், 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும். லேப்டாப் டிஸ்க்குக்கான ஒயர் அதைச் சுழற்றாது.

தெற்குத் தெரு:
விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் பாமினி எழுத்துருவையும் மறக்காமல் எடுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் கடிதமெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். மெதுவாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பேக்கப்புக்கு 1 டிபி டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று வீட்டில், ஒன்று சொந்தக்காரர் வீட்டில். மாதம் ஒருமுறை மாற்றி மாற்றி. காப்பி முடிந்ததும் கழற்றிவிடுங்கள்; மாட்டியே வைத்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். கிளவுட் சிங்க்கை மட்டும் நம்பக்கூடாது, இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். புதுக் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க்கைப் பூட்டிப் பாதுகாக்கும் பிட்லாக்கர் தானாகவே இயங்கலாம்; அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.