பழைய லேப்டாப், டெபியன் 12: வைஃபை சிப் தெரிகிறது, டிரைவர் மட்டும் ஏறவில்லை

கேள்வி:
அப்பா பல வருடம் பயன்படுத்திய லேப்டாப், கோர் 2 டுயோ, 4 ஜிபி ராம். டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) போட்டிருக்கிறேன். திரை, ஒலி, டச்பேட் எல்லாம் போட்டவுடனேயே வேலை செய்தன, வைஃபைதான் பிரச்சினை. பிராட்காம் சிப், எண் 14இ4:4315. முதலில் மூடிய (மூலநிரல் வெளியிடப்படாத) டிரைவரான டபிள்யூஎல்-ஐப் போட்டேன், ஒரு மாதம் நன்றாக ஓடியது, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் வந்ததும் நின்றுவிட்டது. அதை ரிமூவ் செய்துவிட்டு, ஃபோனை யூஎஸ்பியில் இணைத்து நெட் எடுத்து, திறந்த மூல டிரைவரான பி43-க்கு வேண்டிய ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) வைக்கும் இன்ஸ்டாலரைப் போட்டேன். பிழை எதுவும் காட்டாமல் முடிந்தது. ஆனால் எத்தனை முறை ரீபூட் செய்தாலும் வைஃபை என்ற ஒன்றே இல்லாத மாதிரி இருக்கிறது. இரண்டு ராத்திரி போய்விட்டது. இந்த லேப்டாப்பைத் தூக்கிப்போட மனசு வரவில்லை, யாராவது உதவுங்கள்.

பதில் 1:
டெபியன் 12 இன்ஸ்டாலரிலேயே மூடிய ஃபர்ம்வேர்கள் வருகின்றனவே, தனியாக எதற்குப் போட வேண்டும்?

பதில் 2:
இந்த சிப்புக்கு அது பொருந்தாது. இதன் ஃபர்ம்வேரை மற்றவர்கள் விநியோகிக்க அனுமதி இல்லை, அதனால் டெபியன் தன் டிஸ்க்கில் வைக்க முடியாது. இன்ஸ்டாலர் பேக்கேஜ் நெட்டில் இருந்து இறக்கி, பிரித்து எடுத்து வைக்கும். வைஃபை வர நெட் வேண்டும், நெட் வர வைஃபை வேண்டும் என்ற சிக்கலுக்கு நீங்கள் ஃபோனை இணைத்தது சரியான வழிதான்.

இப்போது மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். வயர்லெஸ் தடைகளைக் காட்டும் ஆர்எஃப்கில் கட்டளை என்ன காட்டுகிறது? சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ-யை -என்என்கே சேர்த்து ஓட்டினால் அந்த சிப்புக்குக் கீழே என்ன வரிகள் வருகின்றன? கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் பி43 என்று தேடினால் என்ன வருகிறது?

கேட்டவர்:
ஆர்எஃப்கில்லில் புளூடூத் மட்டும் இருக்கிறது, தடை எதுவும் இல்லை. சிப்புக்குக் கீழே கெர்னல் மாட்யூல்கள் (கெர்னலில் ஏற்றும் டிரைவர் துண்டுகள்) என்ற இடத்தில் எஸ்எஸ்பி என்று இருக்கிறது, ஆனால் "பயன்பாட்டில் உள்ள டிரைவர்" என்ற வரியே வரவில்லை. டிமெசேஜில் பி43 பற்றி ஒரு வரிகூட இல்லை.

பதில் 2:
அந்த ஒரு வரிகூட இல்லாததுதான் முக்கியம். ஃபர்ம்வேர் கிடைக்காமல் இருந்தால் "யுகோட்15 கோப்பு இல்லை" என்று பி43 சிவப்பில் கத்தியிருக்கும். அது வாயே திறக்கவில்லை என்றால் மாட்யூலே ஏறவில்லை, யாரோ அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். சூடோ போட்டு மோட்ப்ரோப் பி43 என்று கையால் ஏற்றிப் பாருங்கள்.

கேட்டவர்:
அண்ணா, நான்கைந்து விநாடியில் வைஃபை பட்டியல் வந்துவிட்டது! ஆனால் ரீபூட் செய்தால் மறுபடி போய்விடுகிறது.

பதில் 2:
அப்படியென்றால் பிளாக்லிஸ்ட்தான். பிளாக்லிஸ்ட் தானாக ஏறுவதை மட்டும் தடுக்கும், பெயர் சொல்லி ஏற்றினால் விட்டுவிடும். டபிள்யூஎல் பேக்கேஜ் நிறுவும்போது, இரண்டு டிரைவரும் ஒரே சிப்புக்கு முட்டிக்கொள்ளக் கூடாது என்று பி43, எஸ்எஸ்பி, பிசிஎம்ஏ போன்ற மாட்யூல்களைத் தடுக்கும் ஒரு கோப்பை இடிசி-க்குள் இருக்கும் மோட்ப்ரோப்.டி அடைவில் போடும். நீங்கள் ரிமூவ் செய்தபோது டிரைவர் போய்விட்டது, அந்தக் கோப்பு போகவில்லை. டெபியனில் ரிமூவ் என்றால் இடிசி-யில் உள்ள அமைப்புக் கோப்புகள் தங்கிவிடும், பர்ஜ் என்றால்தான் அவையும் போகும்.

பேக்கேஜ்களைக் காட்டும் டிபிகேஜி -எல் பட்டியலில் அந்தப் பழைய டிரைவரின் பெயரைப் பாருங்கள், வரியின் தொடக்கத்தில் நிறுவியிருக்கிறது எனும் ஐஐ-க்குப் பதிலாக ஆர்சி என்று இருக்கும். நீக்கியாகிவிட்டது, அமைப்பு மிச்சம் இருக்கிறது என்பதன் அடையாளம் அது. அதை பர்ஜ் செய்யுங்கள். அப்புறம் மோட்ப்ரோப்.டி-க்குள் நீங்களே கையால் எழுதிய கோப்பு ஏதாவது இருந்தால் அதிலும் பி43 இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு கொடுத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள், இல்லாவிட்டால் பழைய தடை இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பு) ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

பதில் 3:
இவ்வளவு மெனக்கெடாமல் ஏஆர்9271 சிப் உள்ள யூஎஸ்பி அடாப்டர் ஒன்றைச் செருகலாம், அதற்கு ஃபர்ம்வேரே திறந்த மூலம்.

பதில் 2:
நல்ல அடாப்டர்தான், உள்ளே இருக்கும் கார்டு செத்துப்போனால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இவருடைய கார்டு நன்றாகத்தானே இருக்கிறது.

கேட்டவர்:
ஆர்சி என்றே இருந்தது! பர்ஜ் செய்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, மூன்று முறை ரீபூட் செய்து பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் தானாகவே இணைகிறது. எல்எஸ்பிசிஐ-யில் இப்போது பி43-பிசிஐ-பிரிட்ஜ் என்று டிரைவர் வரி வருகிறது. ஒரே ஒரு சந்தேகம், வீட்டு ரௌட்டரில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன, இதில் ஒன்றுதான் தெரிகிறது.

பதில் 2:
தெரியாத பெயர் 5 கிகாஹெர்ட்ஸாக இருக்கும். இந்த சிப் 2.4 மட்டும்தான் பிடிக்கும், அதிகபட்சம் 54 எம்பிபிஎஸ், எந்த டிரைவர் போட்டாலும் அதற்கு மேல் போகாது. ரௌட்டரில் 2.4-ஐ அணைத்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
சரி அண்ணா, அப்பாவுக்கு அது போதும். ரொம்ப நன்றி. தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்த்துவிடுகிறேன்.