ஃப்ளோ கண்ட்ரோலுக்கு ‘மடை’ என்று வைத்துக்கொண்டால் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிரல்படி தானே உலோகத்தை வெட்டும் சிஎன்சி இயந்திரத்தையும் கணினியையும் சீரியல் கேபிளால் இணைப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு பழுதுநீக்கும் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பாட் ரேட், பாரிட்டி, ஸ்டாப் பிட் எல்லாம் பட்டறையில் புழங்குகிற சொற்கள். அவற்றில் கை வைக்கவில்லை. ஃப்ளோ கண்ட்ரோலில்தான் எழுத்து நின்றுவிட்டது. வாங்குகிற பக்கம் நிரம்பும்போது அனுப்புகிற பக்கத்தை நிறுத்தி, இடம் வந்ததும் மறுபடி அனுப்பச் சொல்லும் ஏற்பாடு அது. அதற்கு இங்கே நண்பர்கள் இதுவரை முன்வைத்த தமிழ்ச் சொற்கள் மூன்று: கைகுலுக்கல், ஓட்டக் கட்டுப்பாடு, நில்-செல் முறை. மூன்றையும் கையேட்டில் போட்டுப் படித்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. காரணம் சொல்வதற்கு முன் ஒரு பழுதைச் சொல்லிவிடுகிறேன். சொல் பிறந்தது அங்கேதான்.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இயந்திரத்தில் சின்ன நிரல்கள் ஒழுங்காக ஏறும். பெரிய நிரல் என்றால் பாதியில் ‘பஃபர் ஓவர்ஃப்ளோ’ (வருவதைத் தற்காலிகமாக வைக்கும் இடம் நிரம்பி வழிகிறது) என்று நின்றுவிடும். பானுக் வகைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் இது 087 என்ற எண்ணோடு வரும். ‘போதும், நிறுத்து’ என்று இயந்திரம் சொன்ன பிறகும் பத்து எழுத்துகளுக்கு மேல் வந்துகொண்டே இருந்தது என்று பொருள். கேபிளை மாற்றினேன். 2, 3 பின்களைப் புதிதாகச் சாலிடர் வைத்தேன். வேகத்தை 9600-இலிருந்து 4800-க்கு இறக்கினேன். அதே இடத்தில் இல்லாவிட்டாலும் அதே பழுது.

கடைசியில் கம்பியில் போகிற எண்களையே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இயந்திரம் ‘அனுப்பு’ என்பதற்கு 17-ஐ அனுப்புகிறது, ‘நிறுத்து’ என்பதற்கு 19-ஐ. இரண்டும் ஏழு பிட் எண்கள், எட்டாவது பிட் இரட்டைப்படை பாரிட்டிக்கு, அதாவது ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி சேர்க்கும் சரிபார்ப்புக்கு. 17-ஐ இருமத்தில் எழுதினால் 0010001. ஒன்றுகள் இரண்டே, இரட்டைப்படை. ஆகவே எட்டாவது பிட் சுழியம், 17 அப்படியே 17-ஆகப் போய்ச் சேர்கிறது. 19 என்பது 0010011. ஒன்றுகள் மூன்று. இரட்டைப்படை ஆக்க எட்டாவது பிட்டில் ஒன்றைப் போட வேண்டும், 128 கூடிவிடுகிறது. கணினியில் போர்ட் ‘எட்டு பிட், பாரிட்டி இல்லை’ என்று வைக்கப்பட்டிருந்தது. நிரலை அனுப்பும் மென்பொருளே பாரிட்டியைக் கணக்கிட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதனால் போகிற பக்கம் குறையே தெரியவில்லை. வருகிற பக்கம் கணினிக்குக் கிடைத்தது 19 இல்லை, 147. அது 19-க்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதாவது ‘அனுப்பு’ என்றது காதில் விழுந்தது, ‘நிறுத்து’ என்றது விழவே இல்லை! போர்ட்டை ஏழு பிட், இரட்டைப்படை என்று மாற்றியதும் பெரிய நிரலும் முழுதாக ஏறியது.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். முதலில் நண்பர் ஒருவர் சொன்னது:

> கைகுலுக்கல் ஏற்கெனவே பல பட்டியல்களில் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமே.

இருக்கிறதுதான். ஆனால் கை குலுக்குவது சந்திக்கும்போது ஒருமுறை. இணைப்பு தொடங்கும்போது இரு பக்கமும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் வேலைக்கு அது பொருந்தும், அங்கே அது இருக்கட்டும். நான் சொன்ன பழுதில் தொடக்கம் சரியாகவே நடந்தது. தவறியது நடுவில். ‘கைகுலுக்கல் சரியில்லை’ என்று எழுதினால் படிக்கிற ஆபரேட்டர் தொடக்கத்தைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

ஓட்டக் கட்டுப்பாட்டுக்கு வேறு சிக்கல். அதே இயந்திரத்தின் மோட்டாரை இயக்கும் சர்வோ டிரைவில் மின்னோட்டக் கட்டுப்பாடு என்று ஒன்று உண்டு, பேச்சில் அதை ‘ஓட்டம்’ என்றே சுருக்கிவிடுகிறோம். ஒரே கையேட்டில் இரண்டு ஓட்டம் வேண்டாம். நில்-செல் முறை பொருளைச் சரியாகப் பிடிக்கிறது, அதை முன்வைத்தவருக்கு நன்றி. வினையாக்கும்போதுதான் இடறுகிறது. ‘நில்-செல் செய்யவில்லை’ என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

நான் முன்வைப்பது மடை. நீர் வந்துகொண்டிருக்கிறது, பாத்தி நிரம்பிவிட்டது, மடையை அடைக்கிறோம். பாத்தி வாங்குகிற நிலைக்கு வந்ததும் திறக்கிறோம். சீரியல் கம்பியில் நடப்பதும் இதுவேதான். வயலைப் பார்க்காதவருக்கும் ‘மடை திறந்த வெள்ளம்’ தெரியும். செய்தித்தாள்கள் நிதியைக்கூட மடைமாற்றுகின்றன. அடைக்கலாம், திறக்கலாம், கசியலாம், மாற்றலாம் என்று வினைகள் எல்லாம் சொல்லோடு கூடவே வந்துவிடுகின்றன. நாம் புதிதாக எதையும் ஒட்ட வேண்டியதில்லை. எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கு முதல் காரணமே அதுதான்.

17, 19 போன்ற எழுத்துகளைக் கொண்டு செய்வதற்குக் குறிமடை என்றும், ‘அனுப்பலாமா’, ‘அனுப்பலாம்’ என்று சொல்லும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் போன்ற தனிக் கம்பிகளைக் கொண்டு செய்வதற்குக் கம்பிமடை என்றும் வைக்கலாம். மென்பொருள், வன்பொருள் என்று நீட்டுவதைவிட இது நேராகப் போகிறது. ஒன்பது பின் கனெக்டரில் இந்த இரண்டுக்குமான 7-ஐயும் 8-ஐயும் ஒரே பக்கத்தில் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிற வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை விளக்க முன்பு ஒரு பத்தி எழுதியிருந்தேன். இப்போது ஒரு வரி போதும்: இந்தக் கேபிளில் கம்பிமடை எப்போதும் திறந்தே கிடக்கும், ஆகவே குறிமடை கட்டாயம் வேண்டும்.

17-க்கும் 19-க்கும் முதலில் திறப்புக்குறி, அடைப்புக்குறி என்று எழுதினேன். அப்புறம்தான் உறைத்தது, அடைப்புக்குறி வேறொன்றின் பெயர். சிஎன்சி நிரலில் குறிப்புகளை அதற்குள்தான் எழுதுகிறோம். ஆகவே மடைதிறப்பு, மடையடைப்பு என்றே இருக்கட்டும். கொஞ்சம் நீளம்தான், குழப்பம் இல்லை.

> மடை என்றால் மடைப்பள்ளியும் நினைவுக்கு வருமே?

வரும். படையல் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆனால் சீரியல் போர்ட்டைப் பற்றிப் படிக்கிறவர் அந்தப் பொருளுக்குப் போகும் வாய்ப்பு குறைவு என்றே நினைக்கிறேன்.

மடையை ஏற்றால் இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. பஃபருக்கு நாம் எழுதுகிற இடையகம் ‘நடுவில் இருப்பது’ என்பதை மட்டும் சொல்கிறது. தாங்கல் என்றால்? வருவதைத் தாங்கிக்கொள்வது, சிறிய ஏரிக்கும் அதே பெயர். 087-ஐ ‘இடையக வழிவு’ என்பதற்குப் பதில் ‘தாங்கல் நிரம்பி வழிகிறது’ என்று எழுதிவிடலாம். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை; இடையகம் பரவிவிட்ட சொல்.

ஆனால் அடுத்த பழுதை எழுதிப் பார்த்தபோது தாங்கலும் கைகொடுத்தது. கணினியின் சீரியல் சில்லான 16550-இல் பதினாறு எழுத்துகள் கொள்ளும் ஒரு வரிசை (ஃபிஃபோ) உண்டு. மடையடைப்பு வந்ததும் போர்ட்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் நின்றுவிட்டாலும் அந்த வரிசையில் ஏற்கெனவே ஏறியவை போய்த்தான் தீரும். இயந்திரம் பொறுப்பது பத்து, இங்கிருந்து வரக்கூடியது பதினாறு. யூஎஸ்பி அடாப்டரில் இது இன்னும் மோசமாகலாம், ஏனென்றால் தாங்கல் அதற்குள்ளும் ஒன்று இருக்கிறது. கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்:

‘மடையை அடைத்த பிறகும் வாய்க்காலில் நிற்கிற நீர் வந்து சேரும். வாய்க்காலைக் குறுக்குங்கள்: போர்ட் அமைப்பில் ஃபிஃபோவை நிறுத்துங்கள், அல்லது அனுப்பும் தாங்கலைக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள்.’

இந்த வரியை இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிற யாருக்காவது படித்துக் காட்டுங்கள். முதல் தடவையிலேயே புரிகிறதா, எங்கே தடுக்குகிறது என்று எழுதுங்கள். குறிமடை, கம்பிமடை இரண்டிலும் எனக்கு இன்னும் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது. இதைவிட நல்ல இணை கிடைத்தால் மாற்றிவிடத் தயார்.