காலி வரியிலும் பிழை, இல்லாத வரியிலும் பிழை: பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடவில்லை

மஞ்சக்குப்பம்_டிடிபி:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திரிகை வடிவமைக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாம் உண்டு. 2011 டிசம்பர் 30, தானே புயலில் கடைக் கூரையின் ஷீட் பறந்து கணினி நனைந்தது. எட்டு வருட டிசைன் போச்சு. அன்றிலிருந்து ராத்திரி கடை சாத்தும் முன் வெளி ஹார்ட் டிஸ்கில் கையாலேயே காப்பி எடுத்து, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

போன வாரம் தங்கை மகன் வாட்ஸப்பில் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) அனுப்பினான். டிஸ்க் செருகியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் டிசைன் ஃபோல்டர் முழுவதையும் தேதி போட்ட ஒரே டார் கோப்பாகச் சுருக்கி அதில் வைக்குமாம். அவன் கப்பலில் வேலை பார்க்கிறான், இப்போது லைனில் கிடைக்கவில்லை. நான் அதை விண்டோஸ் கணினியில் நோட்பேடில் ஒட்டி, ஃபோல்டர் பெயர்களை மாற்றி, பென் டிரைவில் உபுண்டு (லினக்ஸ்) கணினிக்குக் கொண்டுவந்தேன். மொத்தம் 14 வரி. ஓட்டினால் வருவது இதுதான் (போனில் தட்டுகிறேன், அதனால் எல்லாம் தமிழிலேயே):

வரி 2: \ஆர்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்
வரி 3: டே: கமாண்ட் நாட் ஃபவுண்ட்
வரி 15: சின்டாக்ஸ் எரர்: அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஃபைல்

2வது வரி வெறும் காலி வரி. 15வது வரி என்று ஒன்று கிடையவே கிடையாது. 3வது வரியைப் பார்த்தால் கணினியே என்னை "டே" என்று கூப்பிட்டுத் திட்டுவது போல இருக்கிறது.

நெய்வேலி_ஷிஃப்ட்:

கடைசிப் பிழை வழக்கமானதுதான் மேடம். இஃப் திறந்துவிட்டு ஃபை போட்டு மூடியிருக்க மாட்டீர்கள். எண்ணிப் பாருங்கள்.

மஞ்சக்குப்பம்_டிடிபி:

எண்ணிவிட்டேன் சார், நான்கு தடவை. இஃப் ஒன்று, தென் ஒன்று, எல்ஸ் ஒன்று, ஃபை ஒன்று. எல்லாம் இருக்கிறது.

உழவர்கரை_பாஷ்:

அக்கா, கண்ணுக்கு இருக்கிறது, பாஷுக்கு இல்லை. வில்லன் நோட்பேட்.

நீங்கள் டைப்ரைட்டிங் படித்திருப்பீர்கள். வரி முடிந்ததும் கைப்பிடியைத் தள்ளினால் இரண்டு வேலை நடக்கும்: கேரியேஜ் ஓரத்துக்குத் திரும்பும், தாள் ஒரு வரி மேலே ஏறும். விண்டோஸ் இன்றைக்கும் வரி முடிவில் அந்த இரண்டுக்கும் ஒவ்வொரு குறி போடுகிறது. லினக்ஸுக்குத் தாள் ஏறும் குறி மட்டும் போதும். மிச்சமிருக்கும் திரும்பும் குறிதான் நீங்கள் பார்த்த \ஆர். அதனால் உங்கள் காலி வரி காலி இல்லை, அதில் அந்த ஒரு குறி உட்கார்ந்திருக்கிறது. அதையும் ஒரு கட்டளை என்று நினைத்துத் தேடியிருக்கிறது. அதே போல "தென்" என்பதன் வாலிலும் "ஃபை" என்பதன் வாலிலும் ஒட்டியிருப்பதால் அவை பாஷுக்குத் தெரிந்த சொற்களே இல்லை. ஃபை வரும் வரும் என்று கோப்பின் கடைசி வரை போய், 14 வரியும் தீர்ந்த இடத்தில் நின்று கத்துகிறது. அதுதான் அந்த 15.

கேட் கட்டளையோடு ஹைஃபன், பெரிய ஏ போட்டுக் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு வரி முடிவிலும் அந்தத் திரும்பும் குறி ^எம் என்று தெரியும். டாஸ்2யூனிக்ஸ் என்ற சின்னக் கருவியை நிறுவி அந்தக் கோப்பின் மேல் ஓட்டினால் எல்லாம் உதிர்ந்துவிடும்.

"டே" வேறு கதை. சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டிருப்பீர்கள், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. விடக்கூடாது. விட்டால் தேதியை வைக்கும் டே (day) என்ற பெயரையே ஒரு நிரல் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் இஃப் பக்கத்துச் சதுர அடைப்புக்குள் இரண்டு பக்கமும் இடைவெளி கட்டாயம் வேண்டும். ஆமாம், எரிச்சலாகத்தான் இருக்கும்.

வில்லியனூர்_கார்த்தி:

இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு? க்ளவுடில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமே.

மஞ்சக்குப்பம்_டிடிபி:

புயலடித்தால் இங்கே நாள்கணக்கில் கரண்ட்டும் இருக்காது, நெட்டும் இருக்காது தம்பி. டிஸ்க் என் பையில் இருக்கும்.

@உழவர்கரை_பாஷ், கும்பிடு. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள் நான், சொன்னதும் அந்தக் கைப்பிடிச் சத்தமே காதில் கேட்டது. ^எம் வரிசையாக நின்றது, நீக்கிவிட்டேன். சமக்குறி இடைவெளியையும் எடுத்துவிட்டேன் (நான்தான் சேர்த்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன்). இப்போது சின்டாக்ஸ் பிழை இல்லை. ஆனால் டிஸ்கில் ஒன்றும் விழவில்லை. நான் ஓட்டிய இடத்திலேயே "இசட்" என்ற பெயரில் பெரிய கோப்பு ஒன்று கிடக்கிறது. தேதி போட்ட கோப்பைக் காணோம் என்று டார் என்னிடமே கேட்கிறது.

உழவர்கரை_பாஷ்:

டார் வரியில் சி, எஃப், இசட் என்ற வரிசையில் இருக்கிறதா? எஃப் எழுத்துக்கு அடுத்து வருவதைத்தான் டார் கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளும். அதனால் இசட் பெயராகிவிட்டது, சுருக்கவும் இல்லை. சி, இசட், எஃப் என்று மாற்றுங்கள், எஃப் கடைசியில் இருக்கட்டும். அந்த "இசட்" கோப்பை அழித்துவிடலாம்.

இனி திருத்தும்போது பாஷ் ஹைஃபன் என் போட்டுப் பாருங்கள், ஓட்டாமலே இலக்கணம் மட்டும் சரிபார்க்கும். டே மாதிரிப் பிழையை அது பிடிக்காது, ஏனென்றால் இலக்கணப்படி அது சரியான வரி. அதற்கு ஷெல்செக் என்ற சோதனைக் கருவி இருக்கிறது. அப்புறம், ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை. கோப்பு அளவு குறையவில்லையே என்று பயந்துவிடாதீர்கள்.

மஞ்சக்குப்பம்_டிடிபி:

விழுந்துவிட்டது! சி எழுத்துக்குப் பதில் டி வைத்து, டி, இசட், எஃப் என்று போட்டு உள்ளே இருப்பதைப் பட்டியல் எடுத்தேன், ஓடிக்கொண்டே இருந்தது. நம்பாமல் ஒரு வளைகாப்புப் பத்திரிகையை மட்டும் பிரித்து விண்டோஸ் கணினியில் பேஜ்மேக்கரில் திறந்தேன். எழுத்து, பார்டர், தொட்டில் படம் எல்லாம் அப்படியே இருக்கிறது. நாளை ராத்திரி ஸ்கிரிப்டை மட்டும் ஓட்டப் போகிறேன், கையால் காப்பி இல்லை.