பாலக்காடு, பொள்ளாச்சி பக்கம் தமிழில் பேசும் மனநல ஆலோசகர் யாராவது தெரியுமா?

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். தங்கை பாலக்காட்டில் டிகிரி இரண்டாம் வருடம். கொஞ்ச நாளாகப் பரீட்சை என்றாலே அவளுக்கு நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. போன வாரம் ஹால் டிக்கெட்டைக் கையில் கசக்கிப் பிடித்தபடி காலேஜ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "செத்துப்போயிடுவேன்னு தோணுது அக்கா" என்று போனில் அழுதாள்.

இசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, கோளாறு இல்லை. பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் கடும் பயம் என்றார் டாக்டர். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடுமாம். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாகச் செய்யச் சொன்னார். அது கொஞ்சம் கைகொடுக்கிறது. ஆனால் அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்தில் இப்போது பஸ் ஏறவே மறுக்கிறாள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

14416 டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள், இலவசம்தான். அவசரத்துக்கு யாரும் கூப்பிடலாம். இருந்தாலும் சிபிடி என்கிற பேச்சு சிகிச்சையை நேரில் தொடர்ந்து கொடுப்பவர் வேண்டும். அவளுக்கு மலையாளம் நன்றாக வரும், மனதில் இருப்பதைச் சொல்லத் தமிழ்தான் வருகிறது.

அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினால் போதும் என்கிறார். கட்டட்டும், சிகிச்சை நின்றுவிடக் கூடாது. வீட்டுப் பெரியவர்களுக்கு இதை எப்படிப் புரியவைத்தீர்கள்? பரீட்சை ஹாலில் வாசல் பக்கம் இடம் கேட்டால் காலேஜில் தருவார்களா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த மாதம் செமஸ்டர்.