பாம் தீவுப் படகில் ஒரு ஆன்ட்டி

ஆஸ்திரேலியாவில், டவுன்ஸ்வில்லில் நர்ஸாக இருக்கிறேன். பாம் தீவில் ஒரு நர்ஸ் லீவில் போனதால் இரண்டு வாரம் அங்கே வேலை பார்த்தேன். கடலில் சுமார் 65 கிலோமீட்டர்தான்.

படகில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா முதலில் கேட்டது என் பெயரை அல்ல. "உன் மண் எது? உன் சனம் யார்?" திருநெல்வேலிப் பக்கம் என்றேன். விடவில்லை. அம்மா வழி எங்கே, அப்பா வழி எங்கே என்று நம் ஊர் பஸ்ஸில் கேட்பது மாதிரியே கேட்டார். அங்கே வயதான பெண்களை ஆன்ட்டி என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நானும், "ஆன்ட்டி, உங்களுக்கு இந்தத் தீவுதானே சொந்த ஊர்?" என்றேன்.

மடியிலிருந்த துணிப்பையின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "இது என் பாட்டி பிறந்த இடம், வடக்கே வளைகுடாப் பக்கம். இது தாத்தாவின் இடம், மழைக்காடு. நாம் போவது இங்கே." கடைசிப் புள்ளி பையின் ஓரத்தில் இருந்தது.

அப்புறம்தான் விவரம் புரிந்தது. தீவின் ஆதிக்குடிகள் மன்பரா மக்கள். 1918 மார்ச்சில் அடித்த புயலில், கரையில் ஆதிக்குடிகளை வைத்திருந்த ஹல் ரிவர் அரசுக் குடியிருப்பு சின்னாபின்னமாக, அங்கிருந்தவர்களை அரசு இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஆதிக்குடிகளைக் கட்டுப்படுத்த 1897-இல் போட்ட சட்டம் ஒன்று போதும், கோர்ட் விசாரணை தேவையில்லை. எதிர்த்துப் பேசினால் பாம் தீவு. நாற்பதுக்கும் மேற்பட்ட குலங்கள், அத்தனை மொழிகள். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதியில் அடைத்தார்கள். எழுவதும் வேலைக்குப் போவதும் மணியடித்துத்தான். அப்படி வந்தவர்களின் வாரிசுகள் இன்று தங்களை 'புவூக்கமன்' என்கிறார்கள். பல குலம், ஒரே சனம் என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள்.

ஒரு சாயங்காலம் ஆன்ட்டி என்னை மேங்கோ அவென்யூவுக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக்கார அதிகாரிகள் குடியிருந்த தெரு. கறுப்பர்கள் அந்தப் பக்கம் நடக்கவே கூடாது என்று வைத்திருந்தார்கள். கீழே கிடந்த மாம்பழம் ஒன்றை எடுத்துப் பாவாடையில் துடைத்து என் கையில் கொடுத்தார். "என் அம்மா இந்த மரத்தடியில் கால் வைத்ததில்லை" என்றார். காம்புப் பக்கம் பால் இன்னும் பிசுபிசுத்தது. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. "சாப்பிடு, சாப்பிடு" என்று பக்கத்திலேயே நின்றார்.

1957 ஜூனில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றியும் சொன்னார். சரியான கூலி, சாப்பாடு, வீடு, இதைத்தான் கேட்டார்கள். விடியற்காலையில் போலீஸ் வீடு புகுந்து ஏழு பேருக்கு விலங்கு மாட்டி, குடும்பத்தோடு படகில் ஏற்றி வேறு குடியிருப்புகளுக்கு அனுப்பிவிட்டது. ஏற்கனவே ஊரிழந்து வந்தவர்களை இன்னொரு முறை ஊரைவிட்டுத் துரத்தியிருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே இல்லை.

*

அக்கா, உங்கள் பதிவில் ஊர் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு டாம்போவின் கல்லறை ஞாபகம் வந்துவிட்டது. போன வருடம் தீவில் சோலார் வேலைக்குப் போயிருந்தேன், ஒரு பையன் காட்டினான்.

டாம்போ மன்பரா ஆள். 1883-இல் அவரையும் இன்னும் சிலரையும் சர்க்கஸில் காட்சிக்கு வைக்க அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருடமே கிளீவ்லாந்தில் இறந்துபோனார். அடக்கம்கூடச் செய்யாமல், உடலைப் பதப்படுத்திக் காட்சிக்கு வைத்துக் காசு பார்த்திருக்கிறார்கள். 1993-இல் அந்த உடல் அதே நகரத்தில், சவ அடக்கம் செய்யும் நிறுவனம் ஒன்றின் நிலவறையில் கிடைத்தது. 1994-இல் தீவுக்குக் கொண்டுவந்து அவர் மண்ணிலேயே புதைத்தார்கள். 110 வருடம், அக்கா.

அந்தப் பையனுக்குப் பத்து வயதுதான் இருக்கும். ஏதோ போன வாரம் நடந்த மாதிரி, "தாத்தா வீட்டுக்கு வந்துட்டார்" என்றான். பக்கத்தில் முளைத்திருந்த புல்லைக் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினான்.