மண்ணுல கிடைச்ச பித்தளை பட்டன், எந்தக் காலத்துது? கொஞ்சம் அவசரம்

ராயபுரம்_சேகர்:
வணக்கம் நண்பர்களே. மச்சான் துபாய்லேர்ந்து மெட்டல் டிடெக்டர் கொண்டாந்தான். எங்க வீட்டுப் பின்னாடி அஸ்திவாரத்துக்குத் தோண்டிப் போட்ட மண்ணு மேல வச்சுப் பாத்தப்போ கத்துச்சு. கிளறினா ஒரு பட்டன். மேல எழுத்து இருக்கு, எம் ஆர் மாதிரி தெரியுது. போட்டோ போட்டிருக்கேன். எந்தக் காலத்துது, விலை போகுமா? நாளைக்கு காலைல கொத்தனார் மண்ணை அள்ளிடுவாரு, சீக்கிரம் சொல்லுங்க.

ரத்தன்பஜார்_பாய்:
போட்டோ மங்கலா இருக்கு தம்பி. அளவு என்ன? பின்பக்கம் எங்க? துணியில மாட்டுற காது கம்பி வளையமா, இல்ல பட்டனோட சேர்ந்தே வார்த்ததா? காந்தம் ஒட்டுதா?

ராயபுரம்_சேகர்:
ஒரு ரூபா காசை விடச் சின்னது பாய். காந்தம் இல்ல.

ரத்தன்பஜார்_பாய்:
எந்த ஒரு ரூபா? 2011க்கு முந்தின காசு 25 மில்லி, அதுக்கப்புறம் வந்தது 22 மில்லி. எங்க தொழில்ல பட்டன் அளவை லைன்ல சொல்வோம், 40 லைன்னா ஒரு இஞ்சு. கோட்டு முன்பக்கத்துக்குப் பெருசு வரும், கைக்கும் பாக்கெட்டுக்கும் சின்னது வரும். ஸ்கேல் வச்சுப் படம் எடு. காந்தத்துக்கு ஃப்ரிட்ஜ் கதவுல பாரு, ஏதாவது பொம்மை ஒட்டியிருக்கும்.

காசிமேடு_கடலோடி:
அண்ணே, பட்டன்ல நங்கூரம் கீதான்னு பாருங்க. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து குண்டு போட்டுச்சுல்ல, ஹார்பர் பக்கம் எண்ணெய் டேங்க் பத்திக்கினு எரிஞ்சுது. ராயபுரம் அங்கேர்ந்து கூப்பிடு தூரம். ஜெர்மன்காரன் பட்டனா இருந்தா பெரிய விஷயம்.

கோட்டை_வரலாறு:
எம்டன் கடலில் நின்றபடி சுட்டுவிட்டுப் போன கப்பல். அதிலிருந்து யாரும் இங்கே கரையிறங்கவில்லை. பட்டன் மட்டும் எப்படி இறங்கும்?
சேகருக்கு: இடம், ஆழம், அளவு, இரண்டு பக்கப் படம், இந்த நான்கும் இல்லாமல் கேள்வி போடக்கூடாது என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். பழைய இழைகளைப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. எம் ஆர் என்றால் மெட்ராஸ் ரயில்வே. ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் கிளம்பியது 1856 ஜூலை 1. அந்தக் கம்பெனியின் பெயர் 1908 வரைதான். ஆகவே 1908க்கு முந்தைய பட்டன். இதில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

பெரம்பூர்_லோகோ:
ஐயா, பேச இருக்கு. போட்டோவைப் பெருசு பண்ணிப் பாருங்க. எழுத்தைத் தனித்தனியா போடல, ஒண்ணு மேல ஒண்ணு பின்னிப் போட்டிருக்கான். ரெண்டு எழுத்துக்கு நடுவுல வளைஞ்சு போற கோடு ஒண்ணு தெரியுது. அது எஸ்ஸா இருந்தா கதையே வேற. மெட்ராஸ் ரயில்வேயும் சதர்ன் மராட்டா ரயில்வேயும் 1908ல சேர்ந்துதான் எம் எஸ் எம், அதாவது மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே ஆச்சு. அப்போ இந்த பட்டன் 1908க்கு முந்தினதா இருக்கவே முடியாது, பிந்தினதாத்தான் இருக்கணும். ஒரு எழுத்துல மொத்தமும் தலைகீழா மாறிடும்.

சேகர், வெளக்கையெல்லாம் அணைச்சிட்டு போன் டார்ச்சை பட்டனுக்குப் பக்கவாட்டுல, தரையோட தரையா வச்சு அடிங்க. மேலேர்ந்து அடிச்சா பளபளப்புதான் தெரியும், பக்கத்துலேர்ந்து அடிச்சா எழுத்தோட நிழல் விழும். மெல்லிசு பேப்பரை மேல வச்சு பென்சிலைச் சாய்ச்சு லேசா தேய்ச்சும் பாக்கலாம்.

ராயபுரம்_சேகர்:
சரி பண்றேன். புளி போட்டு ஊற வைக்கட்டுமான்னு அம்மா கேக்குறாங்க.

ரத்தன்பஜார்_பாய்:
வேணாம்! தொடவே வேணாம். பித்தளை மேல தங்க முலாம் போட்ட பட்டனா இருந்தா, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அந்த முலாம் போயிடும். அப்புறம் அது வெறும் பித்தளைத் துண்டு. பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் வாங்கி அதுல போட்டு வை. மண்ணு ஊறினதும் பல்குத்துற மூங்கில் குச்சியால மெதுவா எடு. ஈரத்தோட டப்பாவுல போட்டு மூடாதே.

திருவொற்றியூர்_கீதா:
எங்க வீட்டுக் குத்துவிளக்கு பாட்டி காலத்துது. வாராவாரம் புளிதான். ஒண்ணும் ஆகல.

ரத்தன்பஜார்_பாய்:
விளக்கு கனமா வார்த்தது தங்கச்சி. பட்டன் முகம் மெல்லிசுத் தகடு, அச்சுல அடிச்சு எழுத்தை எழுப்பியிருப்பான். எழுப்பின எழுத்துதான் முதல்ல தேயும். அந்த எழுத்தை வச்சுத்தானே வருஷமே சொல்லப் போறோம்?

ஹைகோர்ட்_குமாஸ்தா:
எல்லாரும் புளியப் பத்திப் பேசுறீங்க, சட்டத்தப் பத்தி யாரும் பேசல. 1878ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. மண்ணுக்குள்ள பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ளது கிடைச்சா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். சொந்த வீட்டு மண்ணா இருந்தாலும்தான்.

காசிமேடு_கடலோடி:
இன்னா சார், ஒரு பட்டனுக்கா? அப்போ கடற்கரைல காசு பொறுக்குற பசங்கல்லாம் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நிக்கணுமா?

ஹைகோர்ட்_குமாஸ்தா:
பொன்னுன்னோ காசுன்னோ சட்டம் சொல்லல. மண்ணுல மறைஞ்சிருக்கிற மதிப்புள்ள எதுவும் புதையல்தான். பத்து ரூபாங்கிறது அந்தக் காலத்துக் கணக்கு.

கோட்டை_வரலாறு:
1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நூறு வருடம் கடந்த பொருள் தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு அனுமதி கிடையாது, விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். முதல் கேள்வியே "விலை போகுமா" என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

திருவொற்றியூர்_கீதா:
ஐயா, வீடு கட்டுறவர் விலை கேக்குறது தப்பா? கடன்ல கட்டுவாரு. அவரைத் திட்டினா அடுத்த தடவை காட்டாம இரும்புக் கடைல போட்டுடுவாரு. அதானே நஷ்டம்?

பெரம்பூர்_லோகோ:
கீதாம்மா சொல்றது சரி. தயவுசெஞ்சு பட்டனுக்கு வாங்க. கிரீடம் இருக்கான்னு இன்னும் யாரும் கேக்கல. இங்கிலீஷ்காரன் பட்டன்ல கிரீடம் இருந்தா அதோட வடிவமே காலத்தைச் சொல்லும். விக்டோரியா ராணி 1901ல போனதும் கிரீடத்தோட வடிவத்தை மாத்தினாங்க, 1952க்கு மேல திரும்ப மாத்தினாங்க.

இன்னொண்ணு. இந்த மாதிரி உலோக பட்டனை நிறைய யூனிபார்ம்ல நூல் போட்டுத் தைக்க மாட்டாங்க. துணியில கண் வச்சு காதை உள்ள விட்டு, பின்னாடி சாவி வளையம் மாதிரி சின்ன ரிங் மாட்டிடுவாங்க. துணி வெளுக்கப் போடும்போது கழட்டிடலாம். அதனாலயே நிறைய தொலைஞ்சும் போகும். சேகர், தோண்டின மண்ணுல மெல்லிசு வளையம் ஏதாவது இருந்துச்சா?

ராயபுரம்_சேகர்:
டார்ச் அடிச்சுப் பாத்தேன். ரெண்டு எம், நடுவுல எஸ். 18 மில்லி. காந்தம் ஒட்டல. கிரீடம் இல்ல. காது கம்பி வளையம். பின்னாடி சுத்தி எழுதியிருக்கு, பர்மிங்காம் மட்டும் படிக்க முடியுது. கொத்தனார் வந்துட்டாரு, அப்புறம் வரேன். எல்லாருக்கும் நன்றி.

பெரம்பூர்_லோகோ:
அப்போ எம் எஸ் எம்தான். 1908க்கு முன்னாடி போகவே போகாது, அது உறுதி. 1951 ஏப்ரல் 14ல அந்த ரயில்வே தெற்கு ரயில்வேக்குள்ள போயிடுச்சு, அதனால அச்சடிச்ச வருஷம் அதுக்குள்ளதான். பழைய கோட்டைப் போட்டுக்கிட்டு அதுக்கப்புறமும் சில வருஷம் யாராவது திரிஞ்சிருக்கலாம். 18 மில்லின்னா 28 லைன் கிட்ட வருது, இல்லையா பாய்?

ரத்தன்பஜார்_பாய்:
ஆமா, 28. கோட்டு முன்பக்கத்துக்குக் கொஞ்சம் சின்னது. பாக்கெட் மூடியா இருக்கலாம். பர்மிங்காம்ங்கிற ஊர்ப் பேருக்கு முன்னாடி பட்டன் செஞ்ச கம்பெனியோட பேரு இருக்கும், அதைப் படிச்சா இன்னும் சுருக்கலாம். பேருக்குப் பின்னால லிமிடெட் இருக்கா பாக்கணும். கம்பெனி எப்போ லிமிடெட் ஆச்சுன்னு தெரிஞ்சா, 1908ங்கிற ஆரம்ப வருஷம் இன்னும் பிந்தலாம்.

கோட்டை_வரலாறு:
எஸ் இருக்கிறதென்றால் எம் எஸ் எம்தான். அதன் தலைமை அலுவலகம் 1922ல் சென்ட்ரல் பக்கத்துப் புதுக் கட்டடத்துக்குப் போகும்வரை ராயபுரத்தில்தான் இருந்தது. சேகரின் வீடு நிலையத்துக்கு எந்தப் பக்கம், எத்தனை அடி ஆழம் என்று இன்னும் சொல்லவில்லை.

பெரம்பூர்_லோகோ:
சேகர், மண்ணை அள்ளுறதுக்கு முன்னாடி மணல் சலிக்கிற சல்லடையில போட்டு ஒரு தடவை சலிக்கச் சொல்லுங்க. ஒரு கோட்டுக்கு ஒரு பட்டன் மட்டும் இருக்காது.

காசிமேடு_கடலோடி:
சேகர் அண்ணே, லைன்ல கீறீங்களா? லாரி மண்ணை எங்க கொட்டப் போவுதுன்னாவது கேட்டு வைங்க.